சென்சாரில் குங்குமம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திலகவதி குளித்துவிட்டு வந்தபோது கேமரா சாமி மேசையில் இருந்தது. லாரிச் சாவிக்கும் ஸ்பேனர் பெட்டிக்கும் நடுவில், வாழையிலையின் மேல், வாயைத் திறந்துகொண்டு.

திறந்த வாய்தான் முதலில் கண்ணில் பட்டது. லென்ஸ் கழற்றிய கேமராவின் முன்பக்கத்துக்கு ஒரு கறுப்பு மூடி உண்டு. அது பொரித் தட்டின் ஓரத்தில் கிடந்தது. லென்ஸ் மாட்டும் உலோக வளையத்தின் மேல்விளிம்பில் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம், தாராளமாக.

"ஏங்க!"

அவள் கணவன் சுரேன் வாசலில் லாரிச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி. முதலாளியுடையது. ஆயுத பூசையன்று மட்டும் அது சுரேனுடையது. விடியற்காலையே கழுவி, மாலை போட்டு, ரெம்பியா தாமான் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்திருந்தான்.

"இரு, ஒரு சக்கரம் பாக்கி."

"கேமரா மூடிய யாரு கழட்டினது?"

"நான்தான். மூடிக்குப் பொட்டு வச்சா அது மூடிக்கு வச்சதுதானே? கேமராவுக்கு வச்சதா ஆவுமா?"

"உள்ள குங்குமம் கொட்டியிருக்கு."

"கொஞ்சந்தான் லா. நான் ஊதிட்டேன்."

"எதால ஊதினீங்க?"

"வாயாலதான். வேற எதால ஊதுவாங்க?"

திலகவதி மேசையருகே போனாள். கேமராவை இரண்டு கையாலும் தூக்கி, வாய் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்தாள். ஜன்னலோரம் போய்க் குனிந்து கீழிருந்து பார்த்தாள். உள்ளே சென்சார் இருந்தது. பெரிய தபால்தலை அளவுக் கண்ணாடி. படம் விழுவது அதன் மேல்தான். அங்கே செம்பொடி சிதறியிருந்தது. பொடி மட்டும் என்றால் பாதகமில்லை. சுரேன் ஊதியதில் எச்சில் துளிகள் பட்டு, பட்ட இடத்தில் குங்குமம் ஊறி ஒட்டியிருந்தது.

மூன்று மணிக்குக் கல்யாணம்.

மலாக்காவில், தெங்கேராவை ஒட்டிய சர்ச்சில். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஆனந்தராஜாவின் மகள் நிரஞ்சனிக்கு. யாழ்ப்பாணக் குடும்பம். வெள்ளை கவுன், வெள்ளைச் சுவர், வெள்ளைப் பூ. சென்சாரில் ஒரு துகள் இருந்தால் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒரு கரும்புள்ளி விழும். பட்டுப்புடவையில் ஒளிந்துகொள்ளும். வெள்ளையில் ஒளிய இடமில்லை.

ஆறு வருடமாகத் திலகவதி சனி ஞாயிறுகளில் புலாவ் செபாங் ஊர்ப் போட்டோக்காரர் தம்புசாமிக்கு உதவியாளாகக் கல்யாணங்களுக்குப் போய்வந்தாள். அவர் மேடையில் நின்று எடுப்பார். இவள் ஓரத்தில் நின்று எடுப்பாள். ஆல்பத்தில் அவர் ஸ்டூடியோவின் பெயர் இருக்கும். போன வருடம் நிரஞ்சனியின் அண்ணன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய நிரஞ்சனி பதினோரு படங்களைத் தனியாகக் குறித்துவைத்து, இதை எடுத்தது யார் என்று கேட்டாள். பதினொன்றும் திலகவதி எடுத்தவை. அப்பாவுக்குத் தம்புசாமிதான் வேண்டும். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த அக்கா எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் போட்டோவே வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் பெயரில் வந்த முதல் கல்யாணம். சொந்தக் கேமரா ஒன்றுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

சுரேன் உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கை தானாகச் சட்டை நுனிக்குப் போனது.

"குடு, மெதுவா தொடச்சி விட்டர்றேன்."

"கை வைக்காதீங்க."

"போச்சா?"

"இன்னும் போவல. நீங்க தொடச்சா போயிரும்."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எல்லா வருசமும் லாரிக்கு, டிரில்லுக்கு, ஜாக்கிக்கு வைக்கிறோம். இந்த வருசம் ஒன் தொழிலுக்கும் வச்சா நல்லா இருக்கும்னு பாத்தேன். நடுவுல வச்சேன் பாரு."

"பாத்தேன்."

"லாரியைவிட முன்னால."

"அதான் பாத்தேங்கிறேன்ல. போனை எடுங்க."

தம்புசாமி மூன்றாவது மணியிலேயே எடுத்தார். புரட்டாசி மாதம், இந்துக் கல்யாணம் கிடையாது, சும்மாதான் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, ஒரு நாளைக்கு ஒங்க ரெண்டாவது கேமரா வேணும். சாயங்காலம் கொண்டாந்து குடுத்துர்றேன்."

"ஒன்னோடது என்னாச்சு?"

சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு நிற்க நேரமானது.

"பொட்டு வச்சானா? பூவும் சுத்துனானா? கண்ணு தொறந்து வைக்கிறது கோயில்ல செய்றது தங்கச்சி, கேமராவுக்கா செய்வாங்க?"

"கேமரா குடுப்பீங்களாண்ணே?"

"கேமரா தனியா எங்கயும் போவாது. நான் வர்றேன். நான் எடுக்கிறேன். நீ எப்பவும் போல கூட நில்லு. ஆல்பம் என் கடையிலேருந்து போவட்டும்."

"இல்லண்ணே."

"கோவிச்சுக்காத. சென்சார்ல கை வச்சேன்னா கேமரா குப்பைக்குத்தான். கோலாலம்பூருக்கு அனுப்பு, ரெண்டு வாரத்துல வரும். இன்னிக்கு மூணு மணிக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போற?"

"கழுவப் போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவள் சொன்னது வீம்புக்கு இல்லை. வாரத்தில் ஐந்து நாள் திலகவதி வேலை செய்வது சிப் செய்யும் தொழிற்சாலையில். பதினோரு வருடமாக கிளீன் ரூமில். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, இரண்டு கையுறை. பவுடர் பூசி வந்தால் உள்ளே விடமாட்டார்கள். அங்கே தூசிதான் எதிரி. எதிரி எப்படி நடப்பான், எங்கே உட்காருவான், எதற்குப் பயப்படுவான் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்: ஊதாதே. தேய்க்காதே. ஒரு துணி ஒரு தடவைதான்.

தம்புசாமி தன் கேமராவைச் சட்டையில் துடைப்பவர். அவருக்கு இது தெரிய நியாயமில்லை.

படுக்கையறையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தாள். மெத்தை விரிப்பை உருவி வெளியே போட்டாள். காற்றாடியை நிறுத்தினாள். ஜன்னலை மூடினாள். தலைமுடியைக் குளியல் தொப்பிக்குள் திணித்தாள்.

"ஊதுபத்திய அணைங்க."

"சாமிக்கு வச்சது திலகா."

"சாமி அரை மணி நேரம் பொறுத்துக்கும். சாம்பல் பறக்குது."

சுரேன் அணைத்தான். அறைக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு அங்கேயே நின்றான். அவன் நிழல் கதவிடுக்கில் தெரிந்தது.

இருபது நிமிடம் அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். காற்றில் இருப்பது தரைக்கு வரட்டும்.

முதலில் சந்தனம். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தபடி வளையத்திலிருந்த பொட்டை ஈரத் தாளால் ஒற்றி எடுத்தாள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் பொருக்கு உள்ளே விழும். ஊறவைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். நான்கு தாள் ஆயிற்று. வளையத்தின் உட்பக்கத்தில் லென்ஸோடு பேசும் பித்தளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் மேலும் சிவப்பு. அதையும் ஒற்றினாள்.

அடுத்தது காற்று. காற்றூதும் ரப்பர் பந்தின் மூக்கு உள்ளே நுழையாமல், கண்ணாடியில் படாமல், கீழிருந்து மேலாகப் பிதுக்கினாள். செம்பொடி வெள்ளைத் துணியில் உதிர்ந்தது. முப்பது முறை. கடைசிப் பத்து முறையில் ஒன்றும் விழவில்லை.

லென்ஸை மாட்டி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தாள், எஃப் இருபத்திரண்டில். லென்ஸின் துளை சுருங்கச் சுருங்க சென்சாரிலிருக்கும் துகள் பளிச்சென்று தெரியும். துளையை விரித்தால் கரைந்துபோகும். படத்தை மடிக்கணினியில் பெரிதாக்கினாள். எச்சில் பட்டு ஒட்டியவை மட்டும் மிச்சம். எண்ணினாள். பதினேழு.

"என்னா ஆச்சு?" கதவுக்கு வெளியிலிருந்து.

"பதினேழு."

"நல்லதா கெட்டதா?"

"பேசாம இருங்க."

சென்சார் துடைக்கும் தட்டைக் குச்சிகள் மூன்று வைத்திருந்தாள். உறையில் அடைத்தவை, நுனியில் நார் விடாத துணி சுற்றியிருக்கும். முதல் உறையைக் கிழித்தாள். துணி நுனியில் இரண்டு சொட்டுத் திரவம் விட்டாள். மூன்றாவது சொட்டு விட்டால் திட்டு விழும். குச்சியைக் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் வைத்து மறு ஓரம்வரை ஒரே இழுப்பு. பேனாவால் எழுதுகிற அழுத்தம்கூட இல்லை. குச்சியைத் திருப்பி, துணியின் மறுபக்கத்தால் வந்த வழியே ஒரு இழுப்பு. அவ்வளவுதான். துணியில் செங்கோடு விழுந்திருந்தது. இன்னொரு தடவை இழுக்கக் கை துடித்தது. குச்சியைக் குப்பையில் போட்டாள். எடுத்த அழுக்கை வைத்துக்கொண்டு திரும்பத் துடைத்தால் குங்குமம் கண்ணாடியைக் கீறும்.

சுவர். படம். ஒன்பது.

இரண்டாவது குச்சி. மூன்று.

மூன்றாவது குச்சியைக் கிழிப்பதற்கு முன் எழுந்து ஜன்னலோரம் போய்க் கையை உதறிக்கொண்டாள். பதற்றம் இல்லை. கை மரத்திருந்தது.

மூன்றாவது குச்சி. ஒன்று.

படத்தில் மேலே, இடது மூலையை ஒட்டி. எள்ளில் பாதி. வேறெங்கும் சுவர் சுவராக இருந்தது.

கதவைத் திறந்தாள். சுரேன் நின்ற இடத்தில் வியர்வை தரையில் சொட்டியிருந்தது. மணி பதினொன்றே கால்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"எடுத்துரு."

"குச்சி தீந்துபோச்சு."

"காது கொடையற பஞ்சு இருக்கு. புது பாக்கெட். கொண்டாறவா?"

பஞ்சு நார் விடும். ஒன்றை எடுத்து நாற்பதை வைத்துவிட்டு வரும். தொழிற்சாலையில் அவள் பார்த்திருக்கிறாள். வேலை தெரியாதவள் கெடுத்த சிப் தகடுகளைவிட, வேலை தெரிந்தவள் இன்னும் ஒரு தடவை என்று துடைத்துக் கெடுத்தவைதான் அதிகம்.

"வேணாம். போதும்."

"ஒரு புள்ளியோடவா போவப் போற?"

"எங்க இருக்குன்னு தெரியும்ல. மேல, இடது பக்கம். அந்த எடத்துல வெள்ளை வராம பாத்துக்குவேன். வந்தா கம்ப்யூட்டர்ல எடுத்துருவேன். வாங்க, சூடம் கொளுத்துங்க. நேரமாச்சு."

லென்ஸின் மூடியைப் போட்டு, கேமராவைப் பைக்குள் வைத்து, பையைச் சாமி மேசையில் வைத்தாள். பையின் மேல் பொட்டு வைக்கலாமா என்று சுரேன் அவளைப் பார்த்தான். தலையாட்டினாள். வைத்தான்.

இரண்டு மணிக்குச் சர்ச் வாசலில் திலகவதியும் சுரேனும் வந்த கார் நின்றபோது, தம்புசாமி அங்கே நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளைச் சட்டை, தோளில் பழைய தோல்பை. பக்கத்தில் ஆனந்தராஜா, கறுப்புக் கோட்டில், நெட்டையாக. தம்புசாமி ஏதோ சொல்லச் சொல்ல அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டான்யா" என்றான் சுரேன். "நான் போய் ரெண்டு வார்த்த கேட்டுட்டு வர்றேன்."

"நீங்க ஏணிய எறக்குங்க. பேசறது நான்."

அவள் நடந்தாள். ஆனந்தராஜா பாதி வழியில் எதிர்கொண்டார்.

"பிள்ளை, தம்புசாமி காலையில எனக்குப் போன் எடுத்தவர். உம்மட கமெரா பழுதெண்டு சொல்றார். உண்மையே?"

"காலையில பழுது சார். இப்ப இல்ல."

"உள்ளுக்குக் குங்குமம் போனதாம்?"

"போச்சு. எடுத்துட்டேன்."

"நீரே?"

"நானேதான்."

தம்புசாமி அருகில் வந்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "சார், பொண்ணு கெட்டிக்காரி. நான்தான் தொழில் சொல்லிக்கொடுத்தேன். ஆனா சென்சார வீட்டுல வச்சிக் கழுவுறதெல்லாம் நடக்கிற காரியமா? மக கல்யாணம். ஒரு தடவதான் நடக்கும். நான் காசு கேட்டு வரல."

ஆனந்தராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மணமகளின் கார் வர இன்னும் முக்கால் மணி நேரம். நிரஞ்சனி அங்கே இல்லை. இருந்திருந்தால் பேச்சே இருக்காது. இப்போது முடிவு இவர் கையில்.

"முழுசா போச்சுதோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டால் தம்புசாமி கேமராவை வெளியே எடுத்துவிடுவார். ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்ல சார். ஒரு புள்ளி மிச்சம்."

"பாத்தீங்களா?" என்றார் தம்புசாமி.

திலகவதி காலையில் கடைசியாக எடுத்த சுவர்ப் படத்தைத் திரையில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். "இங்க. மேல இடது பக்கம். லென்ஸ நல்லா தொறந்து வச்சா தெரியாது. சர்ச்சுக்குள்ள எடுக்கிற அத்தனையும் தொறந்து வச்சித்தான் எடுப்பேன். வெளிய எடுக்கிற குரூப் போட்டோவுல மட்டும் தெரியும். அங்க எப்படி நிக்கணும்னு எனக்குத் தெரியும்."

ஆனந்தராஜா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு தம்புசாமியிடம் திரும்பினார்.

"உங்கட கமெராவில எத்தனை?"

"எத்தன என்னா சார்?"

"புள்ளி."

"என் கேமராவா? அது இருபது வருச அனுபவம் சார். ஒரு புள்ளி கிடையாது."

"வானத்த ஒண்ணு எடுங்களேன் அண்ணே" என்றாள் திலகவதி. "எஃப் இருபத்திரண்டுல."

"எதுக்கு?"

"சார் பாக்கட்டும்."

தம்புசாமிக்குப் பின்வாங்க இடமில்லை. தோல்பையைத் திறந்தார். உள்ளிருந்து ஈர வாடை வந்தது. வானத்தை எடுத்துத் திரையை அவரே முதலில் பார்த்தார். பார்த்துவிட்டுப் படத்தைச் சின்னதாக்கப் போனார். ஆனந்தராஜா கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார்.

வானம் முழுக்கச் சர்க்கரை கண்ட எறும்பு. நடுவில் ஒரு முடி, சுருண்டு.

சுரேன் ஏணியோடு வந்து எட்டிப் பார்த்தான். "அண்ணே, இது என்னா, பறவையா?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் திலகவதி.

"கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் எடுத்துருவேன்" என்றார் தம்புசாமி. முகம் கறுத்திருந்தது.

"எடுப்பீங்க அண்ணே. ஒங்க ஆல்பத்துல ஒரு புள்ளிகூட நான் பாத்ததில்ல. எத்தன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

ஆனந்தராஜா கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "நான் முப்பத்தொரு வருசம் சேர்வே டிப்பார்ட்மெண்டில. என்ட தியோடலைட்டில, அதுதான் கோணம் அளக்கிற கருவி, ரெண்டு செக்கன் பிழை இருந்தது. புதுசு கேட்டுக் களைச்சுப்போனன். பிறகு அந்த ரெண்டைக் கழிச்சுப்போட்டு அளந்தனான். அலோர் காஜா பக்கம் எத்தனையோ எஸ்டேட்டுக்கு எல்லைக் கல்லு போட்டது அதாலதான். ஒரு கல்லும் தள்ளேல்ல." திலகவதியைப் பார்த்தார். "பிழை எங்க எண்டு தெரிஞ்ச ஆள் எனக்குப் போதும். நீர் தொடங்கும்."

தம்புசாமி தோல்பையை மூடினார். போகப் புறப்பட்டவரை ஆனந்தராஜா விடவில்லை. "எங்க போறீங்கள்? சாப்பிட்டுத்தான் போகவேணும். உள்ளுக்கு வாங்கோ, கல்யாணத்தைப் பாருங்கோ. இருபது வருசத்தில ஒரு கல்யாணமாவது இருந்து பாத்தனீங்களே?"

தம்புசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்ல சார்" என்றார்.

நிரஞ்சனியின் கார் இரண்டே முக்காலுக்கு வந்தது. காருக்குள்ளிருந்தே அவள் திலகவதியைப் பார்த்துக் கையசைத்தாள். அந்தக் கையசைப்புதான் முதல் படம். சர்ச்சுக்குள் லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் கவுனில் விழுந்தது. மோதிரம் மாற்றினார்கள். மணமகனின் அம்மா அழுதாள். ஆனந்தராஜா அழாமல் இருக்கக் கூரையைப் பார்த்தார். எல்லாம் கிடைத்தது.

நான்கரைக்குப் படிக்கட்டில் குரூப் போட்டோ. நூற்று இருபது பேர். முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் பத்துப் படி. எல்லா முகமும் தெளிவாக வேண்டுமென்றால் துளையைச் சுருக்கியே ஆகவேண்டும். மேலே இடது பக்கம் முழுக்கச் சர்ச்சின் வெள்ளைச் சுவர்.

திலகவதி ஏணியில் ஏறினாள். பார்த்தாள். இறங்கினாள். சுரேனிடம் ஏணியைத் தூக்கச் சொல்லி நான்கடி வலப்பக்கம் நகர்த்தி மறுபடி ஏறினாள். இப்போது மணிக்கூண்டின் மரச்சட்ட ஜன்னல் சட்டகத்துக்குள் வந்தது. கறுத்த, பழைய மரம். புள்ளி விழும் மூலையில் சரியாக அது.

"எல்லாரும் என் பக்கம் திரும்பி நில்லுங்க. அப்படியே ரெண்டடி தள்ளி வாங்க. ஜோடி நடுவுல."

"வெயில் கண்ணில அடிக்குது" என்றது ஒரு குரல்.

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே நிண்டனாங்கள்?" என்றது இன்னொன்று.

"அந்தப் பிள்ளை சொல்றதைக் கேளுங்கோ!" ஆனந்தராஜா நடுவரிசையிலிருந்து சத்தம் போட்டார். "அவவுக்குத் தெரியும்."

நூற்று இருபது பேரும் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். கடைசி வரிசையின் ஓரத்தில் தம்புசாமியும் நகர்ந்தார், கையைக் கட்டிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"அண்ணே, மேல பாக்காதீங்க" என்றாள் திலகவதி. "இங்க பாருங்க. எல்லாரும் என்னப் பாருங்க."

பார்த்தார்கள்.